ஃபியூஸாக மட்டும் இருக்காது

ஒண்ணுமில்லையார் என்றொரு இனம் உண்டு. உயிரியல் புத்தகத்தில் தேடினால் அகப்படாது. உங்கள் வீட்டுக் குழாய் ஒழுகும்போது தேடாமலே அகப்படும். மிக்ஸி நின்றால், கதவு உரசினால், கைப்பேசியில் சத்தம் வராமல் போனால், பக்கத்து அறையிலிருந்து சட்டைக் கையை மடித்தபடி ஒருவர் வருவார். வரும்போதே சொல்லுவார், "அது ஒண்ணுமில்ல." பொருளை இன்னும் பார்க்கவில்லையே என்று நீங்கள் கேட்கக் கூடாது. பார்த்துவிட்டுச் சொல்வதற்கு அவர் என்ன சாதாரண ஆளா?

இந்த இனத்தை அடையாளம் காண்பது எளிது. வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். அதற்குள் பிஸ்கட் இருக்காது. இதுவரை கழற்றி மாட்டிய சாமான்களில் மிச்சம் வந்த திருகாணிகள் இருக்கும். "கம்பெனிக்காரன் தேவைக்கு மேலயே போட்டுடறான்" என்பது அதற்கு அவர் தரும் விளக்கம். புதுச் சாமானோடு வரும் விளக்கப் புத்தகத்தை அவர் படிப்பதில்லை. அது தெரியாதவர்களுக்காக அச்சடித்தது. மெக்கானிக், பிளம்பர், எலக்ட்ரீஷியன் என்று யாரையும் வீட்டுக்குள் விடமாட்டார். தப்பித் தவறி ஒருவர் வந்துவிட்டால் அவருக்குப் பின்னால் நின்று, "அந்த ஸ்பேனர் வேண்டாம், பன்னிரண்டை எடுங்க" என்று தொழில் கற்றுக்கொடுப்பார். இவையெல்லாம் வெளி அடையாளங்கள். உள் அடையாளம் ஒன்று உண்டு. அது வீட்டில் கூட இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் சொல்லப்போகிற ஒண்ணுமில்லையாருக்குக் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் கணக்கைச் சரிபார்க்கும் வேலை. மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்துகளை நாள் முழுதும் படித்துப் படித்து, எந்த டப்பாவைக் கையில் எடுத்தாலும் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு. இருவருக்கும் ஒரே மகள். பிசியோதெரபி படித்து முடித்தவள். நடக்க முடியாத நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிற வேலை ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: கார் ஓட்டும் லைசென்ஸ் வேண்டும், அதுவும் இந்த மாதம் முடிவதற்குள். டெஸ்டுக்குக் கிடைத்த நாள் இருபத்தெட்டாம் தேதி, மதியம் மூன்று மணி. தவறவிட்டால் அடுத்த தேதி கிடைக்க ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை அந்த வேலை அவளுக்காகக் காத்துக்கொண்டிருக்குமா?

இருபத்தெட்டாம் தேதி காலை ஏழரை மணிக்கு மகள் காரை ஸ்டார்ட் செய்து, சுவரைப் பார்த்து விளக்கைப் போட்டுச் சோதித்தாள். வலது பக்கம் வெளிச்சம் விழுந்தது. இடது பக்கம் சுவர் சும்மா இருந்தது.

"அம்மா! லெஃப்ட் லைட் எரியல! லைட் ஒண்ணு இல்லன்னாலும் டெஸ்ட் கிரவுண்ட் கேட்டுலயே திருப்பி அனுப்பிடுவாங்க!"

அம்மாவுக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை ஒண்ணுமில்லையார், "லைட் கொஞ்சம் ஆடுற மாதிரி இருக்கு, முடுக்கி விடறேன்" என்று விளக்கை எரியவிட்டபடியே அதன் பின்பக்கம் ஸ்குரூ டிரைவரை நுழைத்தார். பட்டென்று ஒரு பொறி பறந்தது. துணி உலர்த்திக்கொண்டிருந்த அவள் திரும்பிப் பார்த்தாள். "அது ஒண்ணுமில்ல" என்றார். பட்டப்பகல் வெயிலில் ஒரு விளக்கு அணைந்ததை யார் கண்டது?

ஆகவே அவள் சொல்லிவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாது. இருபத்துநான்கு வருடம் குடும்பம் நடத்திய பெண்ணுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மகளுடைய முகத்தைப் பார்த்த பதற்றத்தில் வாயை விட்டுவிட்டாள்.

"ஏங்க, ஃபியூஸ் போயிருக்குமோ?"

ஒண்ணுமில்லையார் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"ஃபியூஸா? ஃபியூஸைப் பத்தி எனக்கே நீ சொல்றியா?"

அந்தக் கணத்திலிருந்து அது ஃபியூஸாக இருக்க முடியாது என்று முடிவாகிவிட்டது. இதுதான் நான் சொன்ன உள் அடையாளம். சரியான பதிலை வேறு யாராவது முதலில் சொல்லிவிட்டால், ஒண்ணுமில்லையாரின் உலகத்தில் அந்தப் பதில் செத்துப்போகும். உண்மை எங்கே இருந்தாலும் சரி, இனி அங்கே மட்டும் அவர் தேடமாட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்கு நிஜமாகவே தெரிந்த வேலை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது ஃபியூஸ். கல்யாணமான புதிதில் ஒருநாள் மாமனார் வீட்டில் இருபது பேர் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து விளக்கெல்லாம் அணைந்தது. ஆளாளுக்குக் கூச்சலிட, புது மாப்பிள்ளை எழுந்து போய், பீங்கான் ஃபியூஸ் கட்டையை உருவி, தலைமுடி போன்ற ஒரு கம்பியைச் சுற்றி மாட்டினார். வீடு முழுக்க வெளிச்சம் வந்தது. வாழ்நாளில் யாரையும் புகழாத மாமனார், "மாப்பிள்ளை கெட்டிக்காரர்" என்றார். அந்த வெளிச்சத்தில் புருஷன் முகம் இருந்த இருப்பு மனைவிக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. அந்த முகத்துக்காகத்தான் அவள் இதுவரை ஒரு மிக்ஸி, இரண்டு கடிகாரம், ஒரு தையல் மெஷின் எல்லாவற்றையும் மன்னித்திருக்கிறாள். மனிதர் அன்றைக்குக் கேட்ட நான்கு வார்த்தைகளை, இல்லை, இரண்டே வார்த்தைகளை, இன்னொரு முறை கேட்பதற்காக வீட்டிலுள்ள சாமானையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

"பல்புதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினார். ஒன்பது மணிக்குப் புதுப் பல்போடு வந்தார். பழைய பல்பை எடுக்கக் கை நுழையவில்லை. பேட்டரி குறுக்கே நின்றது. அதற்காக நிற்கிறவரா? பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்தார். மனைவி கொண்டுவந்து கொடுத்த டீயைப் பாதி குடித்துவிட்டு, எஞ்சினுக்குப் பக்கத்தில் தட்டையாக, வசதியாக இருந்த ஒரு கறுப்புப் பெட்டியின் மூடிமேல் டம்ளரை வைத்தார். பல்பை மாட்டினார். பேட்டரியைத் திரும்பப் பூட்டினார். மணி பத்தரை. விளக்கு எரியவில்லை.

"டூப்ளிகேட் பல்பைக் குடுத்துட்டான்!"

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். மகள், "அப்பா, ரைட் சைட்ல எரியுற பல்பைக் கழட்டி இங்க மாட்டிப் பாருங்களேன்" என்றாள். மாட்டினார். வலது பக்கம் நன்றாக எரிந்துகொண்டிருந்த பல்பு இடது பக்கம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டது; அந்த 'டூப்ளிகேட்' பல்பு வலது பக்கம் போனதும் நன்றாக எரிந்தது.

"அப்ப பல்பு இல்லப்பா. அம்மா சொன்னதுதான். ஃபியூஸைப் பாருங்க."

பாவம், மகளுக்கு நேராகப் பேசித்தான் பழக்கம். வயது இருபத்திரண்டு. உண்மையைச் சொன்னால் வேலை நடக்கும் என்று நம்புகிற வயது.

"நீ போய் டெஸ்டுக்குப் படி. இது எர்த் ப்ராப்ளம்."

அடுத்த ஒரு மணி நேரம் உப்புத்தாளை வைத்துக்கொண்டு காரின் உடம்பில் கம்பி தொடுகிற இடத்தையெல்லாம் தேய்த்தார். தேய்த்த இடம் பளபளத்தது. விளக்கு எரியவில்லை. "அப்ப சுவிட்ச்" என்றார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்த கம்பிகளில் எதை இழுத்தாரோ, எதை நசுக்கினாரோ, ஹாரன் தானாக அலற ஆரம்பித்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. தெருவில் நான்கு வீட்டு ஜன்னல் திறந்தது. எதிர்வீட்டுக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே வந்து, "என்ன சார் ஆச்சு?" என்று கத்தினார். "அது ஒண்ணுமில்ல!" என்று இவரும் கத்தினார். பேட்டரியை மறுபடி கழற்றிய பிறகுதான் தெரு அமைதியானது.

மனைவி அடுக்களைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தெருமுனை மெக்கானிக்கைக் கைப்பேசியில் கூப்பிட்டாள்.

"இடது பக்கம் மட்டுமா? ஃபியூஸாதாம்மா இருக்கும்" என்றார் மெக்கானிக். "பேட்டரிக்குப் பக்கத்துல ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும் பாருங்க. மூடியைத் திறந்தா, மூடிக்கு உள்பக்கமே எது எதுன்னு படம் போட்டிருக்கும். உதிரி ஃபியூஸும் அதுலயே சொருகியிருக்கும். அதே நிறத்துல ஒண்ணை எடுத்து மாட்டுங்க. ரெண்டு நிமிஷ வேலை."

"நீங்களே கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன்."

மெக்கானிக் யோசித்தார். "சார் வீட்டுல இருக்காரா?"

"இருக்கார்."

"அப்ப நான் வரலம்மா. போன தடவை வந்தப்ப என் டூல்ஸையே மாத்தி வச்சுட்டார். எனக்கு ஒரு மாசம் ஆச்சு சரியாக."

அவள் கைப்பேசியை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அந்தக் கறுப்புப் பெட்டி தெரிந்தது. அதன்மேல் டீ டம்ளர் தெரிந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதாகச் சொல்லுவார்களே, இவர் வெண்ணெய்ச் சட்டியின்மேல் டம்ளரையே வைத்துக்கொண்டு அலைகிறார். ஓடிப்போய் மூடியைத் திறந்து, தானே மாட்டிவிடலாமா என்று ஒரு நிமிடம் அவளுக்குக் கை துறுதுறுத்தது. செய்திருக்கலாம். ஆனால் அவர் பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்துக்கொண்டு, பானெட்டுக்குள் இடுப்புவரை புதைந்து, அந்த இடத்தை விட்டு அசையாமல் நின்றார். அவரை இழுத்துத் தள்ளிவிட்டு மாட்டினால் விளக்கு எரியும், வீடு அணைந்துவிடும். டெஸ்டுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போகவேண்டிய மகளும் அந்தச் சண்டையை மனதில் சுமந்துகொண்டுதான் கிளம்புவாள்.

மணி ஒன்று இருபது. மகள் வாசற்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்திருந்தாள். சத்தம் வராமல் அழுதாள். அம்மா அதைப் பார்த்தாள். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு என்ன கண்டோம் என்று அந்த நேரம் அவள் நினைத்ததை நான் மறைக்கப்போவதில்லை. நினைத்து முடித்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகக் காரிடம் போனாள்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும்."

"என்ன?" பானெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நீங்க காலையில சொன்னதுதாங்க சரி. ஃபியூஸா இருக்கவே இருக்காது. நான்தான் தெரியாம உளறிட்டேன்."

பானெட்டுக்குள் வேலைச் சத்தம் நின்றது. இருபத்துநான்கு வருடத்தில் இப்படி ஒரு வாசகத்தை அவர் கேட்டதில்லை. மெல்லத் தலையை வெளியே எடுத்தார். மூக்கில் கரி. தன்னுடைய கருத்தே அவள் வாயிலிருந்து வந்ததும் அவருக்கு அதன்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏன் இருக்காதுங்கற?"

"ஃபியூஸ் போயிருந்தா ரெண்டு லைட்டும்ல அணைஞ்சிருக்கணும்? ரைட்ல எரியுதே."

"அப்படியெல்லாம் பொத்தாம்பொதுவா சொல்ல முடியாது" என்றார் ஒண்ணுமில்லையார். குரலில் உயிர் வந்துவிட்டது. "லெஃப்டுக்குத் தனி ஃபியூஸ், ரைட்டுக்குத் தனி ஃபியூஸ். ஒண்ணு போனா ஒண்ணு எரியும். இதுகூடத் தெரியாதா?"

"எனக்கென்னங்க தெரியும். அதுவும் இந்த வண்டியில ஃபியூஸெல்லாம் அடியில எங்கயோ இருக்குமாமே. வண்டியைத் தூக்கினாத்தான் தெரியுமாமே."

"யார் சொன்னது? அந்த மெக்கானிக்கா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நடிப்பில் அது உச்சம்.

"அவனுக்கு என்ன தெரியும்! இங்க வா. ஏய், நீயும் வாம்மா, வந்து பாரு. இது என்னன்னு நினைச்சே?" என்று டீ டம்ளரை எடுத்து மகள் கையில் கொடுத்துவிட்டு, மூடியைத் திறந்தார். உள்ளே சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகக் குட்டிக் குட்டி ஃபியூஸ்கள் வரிசையாக நின்றன. மூடிக்கு உள்பக்கம் படம் இருந்தது. மகள் வாயைத் திறந்தாள். அம்மா அவள் காலை மிதித்தாள். எந்தக் கட்டத்தில் இடது விளக்கு என்று அவரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்து, அவரே ஒரு சிவப்பு ஃபியூஸை உருவி, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். நடுவில் ஓடுகிற மெல்லிய கம்பி அறுந்திருந்தது.

"பார்த்தியா? போயிருக்கு."

"அடடா!" என்றாள் மனைவி.

அத்தோடு முடிந்ததா? முடியவில்லை. ஃபியூஸைப் பார்த்ததும் மனிதருக்கு மாமனார் வீடு நினைவுக்கு வந்துவிட்டது. "ஒரு கம்பி இருந்தா எடுத்துட்டு வா. சுத்தி மாட்டிடறேன்" என்றார். அந்தக் கம்பியைச் சுற்றினால் அடுத்த முறை பொறி பறக்கும்போது ஃபியூஸ் போகாது, காரே போய்விடும். மகளின் முகம் வெளுத்தது. அம்மா அசரவில்லை.

"கம்பிதாங்க நல்லது. அந்த மூடியில சொருகியிருக்கே சிவப்பு, அதை மட்டும் எடுத்து மாட்டிடாதீங்க. அது சும்மா அழகுக்கு வச்சிருக்காங்களாம்."

"அழகுக்கா?" ஒண்ணுமில்லையாருக்கு அவள்மேல் இரக்கமே வந்துவிட்டது. "அடி பைத்தியம், இதுதான் உதிரி. பத்து ஆம்பியர் போனா பத்து ஆம்பியர்தான் மாட்டணும். சிவப்புக்குச் சிவப்பு. கம்பியெல்லாம் அந்தக் காலம்."

மாட்டினார். பேட்டரியை வைத்தார். மறுபடி அலறிய ஹாரன், ஸ்டியரிங் மூடியைப் பூட்டுவதற்காக நசுங்கியிருந்த கம்பியை அவர் உள்ளே தள்ளியதும் வாயை மூடிக்கொண்டது. மகள் விளக்கைப் போட்டாள். சுவரில் இரண்டு வட்டம் விழுந்தது. அவர் சுவரைப் பார்த்தார். மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். அதே முகம்தான். முடி மட்டும் குறைந்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் கொஞ்சம் தண்ணீரும் வந்தது.

"கெட்டிக்காரர்தான்" என்றாள்.

மிச்சம் வந்த இரண்டு திருகாணிகளை அவர் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டதை அவள் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

மூன்று மணிக்கு மகள் டெஸ்ட் மைதானத்தில் எட்டுப் போட்டாள், பின்னால் எடுத்தாள், மேட்டில் நிறுத்திக் கிளப்பினாள். ஒரு தவறும் இல்லை. பெற்றோர் வேலியோரம் நின்றுகொண்டிருந்தார்கள். வண்டி அவர்களுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அதிகாரி பேனாவைத் திறந்துகொண்டே, கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரு பக்கம் ஹெட்லைட் எரியலன்னா முதல்ல எதைப் பார்ப்பீங்க?"

கேள்வி என்றால் இதுவல்லவா கேள்வி! மகளுக்கு முகம் மலர்ந்தது. "ஃபியூஸ் சார்."

அதிகாரி சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் காலையில் ஏழரை மணிக்குப் பார்த்திருக்கிறாள்.

"அதெல்லாம் இல்லம்மா. பல்புதான். ஃபியூஸ் போனா ரெண்டு பக்கமும் போகும்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மெல்லக் கண்ணை மூடித் திறந்தாள். ஒரே நாளில் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு வயது கூடிவிட்டது!

"ஆமா சார். நீங்க சொல்றதுதான் சரி."

ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் ஒண்ணுமில்லையார் மூச்சை ஆழமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். கை ஏற்கெனவே வேலியின்மேல். 'அப்படியெல்லாம் பொத்தாம்பொதுவா' என்பதன் முதல் எழுத்து உதட்டில் வந்து நின்றது. அது வெளியே வந்தால் பேனா மூடும்; லைசென்ஸும் வேலையும் ஒன்றாகப் போகும். ஓர் உறையில் இரண்டு கத்தி தங்காது.

"என்னங்க" என்றாள் மனைவி, அவர் காதோரம். "பின் டயர்ல காத்தே இல்ல போலிருக்கே?"

"இல்லாம எப்படி? நேத்துதான் நானே பார்த்தேன்."

"இல்லீங்க, நிச்சயமா இல்ல."

அவர் உடனே வேலியைச் சுற்றிக்கொண்டு போய், காருக்குப் பின்னால் குந்தி, டயரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். காற்று நன்றாகவே இருந்தது. அதை நிரூபித்துவிட்டு அவர் எழுந்தபோது அதிகாரி கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் மைத்துனருக்குப் போன் போட்டார். "பாஸாயிட்டா! ஆனா காலையில ஒரு ஆட்டம்... லைட் எரியல. பார்த்த உடனே நான் சொல்லிட்டேன், ஃபியூஸ்னு. உன் அக்காதான், ஃபியூஸா இருக்காது, ரெண்டும் அணையணும்னு ஒத்தக் கால்ல நின்னா. கடைசியில என்ன? ஃபியூஸ்தான்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். மகள் துள்ளி எழுந்தாள். "அம்மா! கேட்டியா அம்மா?"

"கேட்டேன்" என்றாள் அம்மா. அவள் புது லைசென்ஸ் ரசீதைத் திருப்பிப் பின்பக்கத்து எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தாள். "விடு. அது ஒண்ணுமில்ல."

இதுவரை படித்த உங்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். கதையில் உப்புத்தாள் வந்தபோது, 'நானாக இருந்தால் முதலிலேயே ஃபியூஸைப் பார்த்திருப்பேன்' என்று நினைத்தீர்கள், அதுவும் இயல்புதான். சிவப்பு பத்து ஆம்பியரா, பதினைந்தா என்று ஒரு கணம் புருவத்தைச் சுருக்கியதைக்கூட நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்திப் பாருங்கள். அண்மையில் உங்கள் வீட்டில் யாரோ உங்களிடம், "அதுவா மட்டும் இருக்காதுங்க" என்று பணிவாகச் சொன்னார்கள். நீங்களும் விடவில்லை, எழுந்து போய், அதுதான் என்று கண்ணுக்கு முன்னால் நிரூபித்துக் காட்டினீர்கள். அப்போது அவர்கள் முகத்தைப் பார்த்தீர்களா?